ஞானஸ்நானம் கொடுத்தவர்: ஆசியா உம்மா

ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதை நிரூபிக்க, அதனால் வேறு யாருக்கும் பாதகம் வராதவிடத்து, சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரேயொரு சாட்சியின் வாக்கு போதும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 876ஆம் இலக்கம். அந்தச் சாட்சி கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. கோயிலுக்கு வருகிறவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தெளிவான, சிறிய சட்டம். அதை ஒரு தடவை நடைமுறைப்படுத்த எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. பங்குப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். கல்முனைக் கரையில் நான் கடைசியாகப் பார்த்த பங்கில் இப்போது இருக்கும் இளம் குரு ஒரு நாள் காலை எடுத்தார்.

"பாதர், ஒரு சின்னச் சந்தேகம். ஆசியா உம்மா எண்டு ஒரு பாதர் இருந்தவரா?"

"இல்லை."

"ஞானஸ்நானப் பதிவேட்டில ஓரிடத்தில, கொடுத்தவர் எண்ட இடத்தில அப்பிடித்தான் கிடக்கு. உங்கட கையெழுத்து. கம்ப்யூட்டர் குருமாரின்ர பட்டியல்ல இருந்து ஒரு பேரைத் தெரிவுசெய்யச் சொல்லுது. பிழையா எழுதப்பட்டதோ?"

"பிழை இல்லை. அவ முஸ்லிம் பொம்பிளை. மருத்துவிச்சி."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டினார்.

"அப்ப நான் ஆரைத் தெரிவுசெய்யிற, பாதர்?"

எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகப்பன் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். பிரதி எடுக்காமல் தன் தம்பிக்குக்கூடக் கடிதம் போடாதவர். அந்த வீட்டிலிருந்து குருமடத்துக்குப் போனது எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. கண்டியில் ஏழு வருஷம் படித்ததில் பின்னாளில் பயன்பட்டது ஒரு மணித்தியாலம். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பேராசிரியர் கேட்டார். குரு, தியாக்கோன், உபதேசியார், தாய், தகப்பன் என்று அடுக்கினோம். "முஸ்லிம்?" என்றார். சிரித்தோம். கொடுக்கலாம், திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும் என்றார். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. முப்பது வருஷம் கழித்து வந்தது.

1977இல் கல்முனைக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டேன். அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் பின்னாளில் மறைமாவட்டத்தின் குருமுதல்வரானார், அதாவது ஆயருக்கு அடுத்த ஆள். இந்த விவகாரத்தின் இரண்டு முனையிலும் அவரே நிற்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. ஆளைப் பார்த்துக் கதைத்தும் அதிகம் கண்டதில்லை. தாளைப் பார்த்துத்தான் கதைப்பார். கடிதம் ஒன்றைக் கொடுத்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு இரண்டு தடவை வாசிப்பார்: ஒரு தடவை விஷயத்துக்கு, மறு தடவை ஓரத்துக்கு. இடது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தால் கடிதம் திரும்பி வரும். குறையாவிட்டால் மேல் மூலையில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற முத்திரையை அடித்து, திகதியை மையால் எழுதி, ஊதிக் காயவைத்து, "ஆறுதலாப் பாப்பம்" என்பார். இல்லை என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஓம் என்றும் சொன்னதில்லை. எந்தத் தாளையும் எறிந்ததும் இல்லை.

எங்கள் இருவருடைய மேசைகளும் ஒரே அறையில், ஏழு அடி இடைவெளியில் இருந்தன. மூன்று வேளையும் சேர்ந்தே சாப்பிட்டோம். ஆனாலும் உத்தியோக விஷயம் என்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் எழுதி, எழுந்து, ஏழடி நடந்து கொடுப்பேன்.

அவர் எனக்குத் தந்த முதல் வேலை, கரையோரம் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சிமாருக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கப் பழக்குவது. கத்தோலிக்கத் தாய்க்குப் பிறந்த பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தால் குருவைத் தேடி ஓட நேரமிருக்காது. "எந்தச் சமயம் எண்டு பாக்காதேங்கோ. கை பழகின ஆக்களாப் பாருங்கோ," என்றார், தாளைப் பார்த்தபடி.

நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் தமிழர். நாலாவது ஆள் கல்முனைக்குடியில் இருந்து வந்த ஆசியா உம்மா. அவவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குழந்தைக்குப் பதிலாக உரித்த தேங்காய் ஒன்றை வைத்துப் படிப்பித்தேன். தேங்காய்க்கு மூன்று கண் இருப்பதால் நெற்றி எது என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. தண்ணீர் தலையில் படவேண்டும், பட்டால் போதாது, ஓட வேண்டும், ஓடும்போதே சொல்லைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். ஆசியா உம்மா தேங்காயை வாங்கி, இடது உள்ளங்கையில் பிடரி இருக்கும்படி பிடித்து, மூன்று தடவை ஊற்றி, சொல்லைப் பிசகாமல் சொன்னா. மற்ற மூவரும் தேங்காயைத் தேங்காய் மாதிரித்தான் பிடித்தார்கள்.

முடிந்ததும் அவ ஒரு கேள்வி கேட்டா.

"சுவாமி, நான் ஊத்தி அந்தப் புள்ள தப்பிட்டெண்டு வைங்க. மறுகா அந்தப் புள்ளைக்கு நான் என்ன முறை?"

"என்ன முறை எண்டா?"

"எங்கட மார்க்கத்தில பால் குடுத்தா அவ உம்மா. குடுத்தவட புள்ளையள் கூடப்பிறந்தது மாதிரி, கலியாணம் முடிக்கேலா. இதுக்கும் அப்பிடி ஒண்டு இரிக்கா, இல்லையா?"

இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த பழைய சட்டம், ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஞான உறவு உண்டாகிறது என்று சொன்னது. ஆனால் கொடுத்தவர் தாமே ஞானஸ்நானம் பெறாதவரானால்? அதில் சட்ட அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. மேலிடத்துக்கு எழுதி மறுமொழி சொல்கிறேன் என்றேன். வகுப்பைப் பற்றிய அறிக்கையை எழுதி, நாலு பேரின் ஒப்பத்தையும் வாங்கி, கடைசிப் பந்தியில் இந்தக் கேள்வியைப் போட்டு, எழுந்து ஏழடி நடந்து கொடுத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார். முத்திரை அடித்தார். ஊதினார். "ஆறுதலாப் பாப்பம்."

அந்த வருஷக் கடைசியில் அவரை ஆயர் இல்லத்துக்கு மாற்றினார்கள். ஓரத்தின் அகலம் தெரிந்தவன் என்பதால் என்னையும் செயலாளராக அழைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் சுற்றறிக்கைகள் எழுதினேன். அவற்றுள் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, ஒவ்வொரு பங்கும் பதிவேடுகளின் பிரதியை வருஷந்தோறும் ஜனவரியில் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது. மற்றது, விசாரணை ஒன்று நடக்கும்போது, முடிவு எழுத்தில் வரும்வரை சாட்சியும் சம்பந்தப்பட்டவரும் சந்திக்கக்கூடாது என்பது. இரண்டும் நல்ல சுற்றறிக்கைகள். இரண்டுமே பின்னர் என் தலையில் விழுந்தன.

2001இல் பங்குத்தந்தையாகக் கல்முனைக் கரைக்கே திரும்பினேன். எனக்கு முன்னிருந்தவர்கள் யுத்தத்தையும் பாதையையும் காரணம் காட்டி ஒரு பிரதியும் அனுப்பியிருக்கவில்லை. நான் இருந்து எழுதினேன். இருபத்தைந்து வருஷத்துப் பதிவுகளையும் மூன்று வருஷத்தில், நல்ல கையெழுத்தில், சரியான ஓரத்தோடு பிரதி எடுத்தேன். ஜனவரியில் கொண்டுபோவது என்று தீர்மானித்து, அதுவரை பாதுகாப்புக்காக, மூலத்தையும் பிரதியையும் கோயில் அறையில் ஒரே இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கோயிலிலிருந்து கடல் எண்பது யார் தூரம்.

அது 2004 டிசம்பர்.

இருபத்தாறாம் திகதி காலை நான் கடலைவிட்டுத் தள்ளி, உட்பக்கம் இன்னொரு கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருந்தேன்; அதனால் இதை எழுதுகிறேன். அலுமாரியை மூன்றாம் நாள் ஒரு தென்னந்தோப்பில் கண்டெடுத்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறப்பு என் இடுப்பில் இருந்தது. திறந்தால் உள்ளே கறுப்புச் சேறு. சேற்றுக்குத் திறப்பு தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆயர் இல்லத்துக்கு அறிவித்தேன். குருமுதல்வரின் பதில் ஒரே தாள்: பிரதிகளை அனுப்புவது பற்றி நானே எழுதிய சுற்றறிக்கை, 'ஜனவரி' என்ற சொல்லின் கீழ் ஒரு கோட்டுடன்.

2005இல் றெஜினோல்ட் என்னிடம் வந்தார். இருபத்தேழு வயது. கடற்றொழில், பிறகு படகு எஞ்சின் திருத்தும் வேலை. தகப்பனைத் தொண்ணூறாம் ஆண்டு விசாரிக்க என்று கூட்டிப்போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லை. தாய் பிலோமினாவைக் கடல் கொண்டுபோனது. முகாமில் நாலு மாதம் சடலங்களுக்கும் சமையலுக்கும் நின்றவர், குருமடத்துக்குப் போகவேண்டும் என்றார்.

"ஏன்?" என்றேன். அது விண்ணப்பப் படிவத்தின் முதற் கேள்வி.

"தெரியாது, பாதர். வேற ஒண்டும் செய்யப் பிடிக்குதில்ல."

நான் வாசித்த காரணங்களில் இது நேர்மையானது. ஆனால் குருமடத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். முதல் நன்மை, உறுதிபூசுதல் பதிவுகளும் அதே அலுமாரி. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் அதே கடற்கரையில் இருந்து, அதே கடலோடு போனவர்கள்.

"வீட்டில பிறந்தனான். நீலம் பாரிச்சு, மூச்சில்லாமக் கிடந்தனாம். அம்மா குளறிக் கேட்டு, மருத்துவிச்சிதான் ஞானஸ்நானம் தந்தவ. மறுகா மிச்சச் சடங்கை வெள்ளைக்காரச் சுவாமி கோயில்ல செஞ்சவர்." அந்த மிஷனரி எங்களுக்குப் பின் வந்தவர், செத்து இருபது வருஷம்.

"மருத்துவிச்சி ஆர்?"

"முஸ்லிம் அம்மா ஒராள். ஆசியா உம்மா எண்டு அம்மா சொல்லுறவ."

அவவின் வீட்டையும் கடல் எடுத்திருந்தது. நிந்தவூரில், வயலோரம் அரிசி ஆலை வைத்திருந்த மகன் ஹனீபாவின் வீட்டில் இருந்தா. றெஜியும் நானும் பஸ்ஸில் போனோம். என் சுற்றறிக்கையின்படி சாட்சியும் அவரும் சந்திக்கக்கூடாது என்பதால் அவரைப் பிரதான வீதியில் ஒரு தேநீர்க்கடையில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"என்னை நினைவிருக்கா?" என்றேன்.

அவ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்த்தா. "தேங்காய்க்குத் தண்ணி ஊத்தின சுவாமி," என்றா. "நான் அப்ப ஒண்டு கேட்டன். எழுதிக் கேட்டு மறுமொழி சொல்லுறன் எண்டீங்க."

"ஓம்."

"வந்திச்சா?"

"இன்னும் வரேல்ல."

இருபத்தெட்டு வருஷம் என்று அவ விரலை மடித்து எண்ணவில்லை. சிரித்தா, அவ்வளவுதான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஹனீபாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பள்ளிவாசல் நிர்வாக சபையின் செயலாளர். "பாதர், உங்களோட எனக்குக் கோவமில்ல. ஆனா எங்கட உம்மா ஒரு புள்ளையக் கிறிஸ்தவனாக்கின எண்டு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்றீங்க. ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனுசி. நாளைக்கு இந்தத் தாள் எங்க போகும், ஆர் வாசிப்பான்? என்ட மகளுக்கு மாப்பிள பாக்கிற நேரம்."

"நான் ஆரையும் ஆக்கல்ல, மனே," என்றா ஆசியா உம்மா. "அது கிறிஸ்தவப் புள்ளதான். தாய் அப்பிடித்தான் கேட்டா."

படிவத்தின் ஏழாம் கேள்வி: என்ன எண்ணத்தோடு ஊற்றினீர்?

"தாய் நம்பித் தந்த அமானிதம், சுவாமி. அவட கையில சக்தியில்ல, என்ட கையத் தந்தன். உங்கட ஆக்கள் என்னத்துக்கு ஊத்துறாங்களோ அதுக்குத்தான் ஊத்தினன். எனக்கு அதில வேற அலுவலில்ல. ஊத்தி, பிடரியில ரெண்டு தட்டுத் தட்டினன். கத்திச்சு."

திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் லத்தீனிலும் படித்ததில்லை. சொன்னபடியே எழுதினேன்.

"அந்தப் புள்ள வரல்லையா?" என்று கேட்டா.

தேநீர்க்கடை அங்கிருந்து நூறு யார் தூரம். "விசாரணை முடியுமட்டும் சந்திக்கக்கூடாது," என்றேன்.

அவ பேனையை வாங்கினா. "நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா அந்த மறுமொழிய எனக்கு எடுத்துத் தாங்க. தொண்ணூறில தகப்பனக் கொண்டுபோயிட்டாங்க எண்டு கேள்விப்பட்ட. எங்கட பக்கத்தால தமிழ் ஆக்கள்ட பக்கம் ஒரு காகம் பறக்கப் பயந்த நேரம். ஆனாலும் சொந்தமெண்டா போயிருப்பன். இப்ப தாயும் மவுத்து. முறையில்லாத மனுசி எந்த முகத்தோட வாசல்ல போய் நிக்கிற?"

படிவத்தின் கடைசியில் இரண்டு சிக்கல். சாட்சி திருநற்செய்தி நூலைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார் என்று ஒரு வரி. சட்டம் அதைக் கேட்கவில்லை, படிவம்தான் கேட்டது. அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து வெட்டி, சுருக்கொப்பம் இட்டேன். மற்றது, சாட்சியின் பங்குத்தந்தை தரவேண்டிய நற்சான்று. அதை வாசித்த ஹனீபா அந்த வரியைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கிழமை தவணை கேட்டார்.

ஒரு கிழமையில் பள்ளிவாசல் கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் வந்தது. இன்னார் இந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர், உண்மை பேசுபவர். செயலாளராகிய நான் இவருடைய மகன் என்பதால் இதில் ஒப்பமிடுவது முறையல்ல. ஆகவே தலைவர் ஒப்பமிடுகிறார். இலக்கம், திகதி, முத்திரை, இடது ஓரம் இரண்டு விரல். இப்படி ஒரு செயலாளர் எங்கள் மறைமாவட்டத்துக்குக் கிடைத்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மூன்று பிரதியில் அனுப்பினேன். ஆசியா உம்மாவின் கேள்வியையும், அவ றெஜியின் வாசலுக்குப் போகலாமா என்பதையும் தனிப் பந்தியாகச் சேர்த்தேன். படிவம் திரும்பி வந்தது: வெட்டிய வரிக்கு விளக்கம் தேவை. விளக்கினேன். மறுபடி வந்தது: இச்சாட்சி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்பது எதனால்? நேரில் போனேன். கடிகாரம் கழன்றது.

"திரும்ப ஒருக்கா, 'முன்னம் பெறாவிட்டால்' எண்ட நிபந்தனையோட ஞானஸ்நானம் குடுத்திட்டா அலுவல் முடிஞ்சிது," என்றார் தாளிடம்.

"விசாரிச்ச பிறகும் சந்தேகம் இருந்தாத்தானே, சுவாமி, அது. குடுத்தா நாளைக்கு ஆராவது, இவர் புதுசா ஞானஸ்நானம் பெற்றவர், குருத்துவத்துக்குத் தடை எண்டு எழுதுவினம்."

ஆராவது என்று நான் யாரைச் சொன்னேன் என்பது அவருக்கு விளங்கியது. "ஆறுதலாப் பாப்பம்."

றெஜியிடமும் கேட்டேன். "நீங்க ஊத்தினா மாட்டன் எண்டு சொல்லமாட்டன், பாதர். ஆனா அண்டைக்கு அம்மா குளறிக் கேட்டது நடக்கேல்ல எண்டு ஆகிரும்." அதன்பின் நான் அந்த யோசனையை எடுக்கவில்லை.

குருமட அதிபர் அவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். வருஷம் ஒரு கடிதம் எழுதுவேன்: ஆவணம் வந்துகொண்டிருக்கிறது. கிழக்கில் மறுபடி சண்டை தொடங்கியது, வடக்குக்குப் போனது. ஆவணம் வந்துகொண்டே இருந்தது. ஆயர் இல்லத்துக்கு எழுதியவை ஏழு. 'கவனத்தில் உள்ளது' என்று இரண்டு தடவை பதில் வந்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் றெஜி பஸ்ஸில் நிந்தவூரைக் கடந்துதான் போவார். இறங்குவதில்லை. நான் தடுத்திருந்தேன். ஒரு தடவை மட்டும், "பாதர், அவவுக்கு வயசு போகுது," என்றார். சுற்றறிக்கையின் திகதியையும் இலக்கத்தையும் சொன்னேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் கையெழுத்தே பிடிப்பதில்லை.

2009 ஏப்ரலில் அதிபர் எழுதினார். ஜூன் முடிவுக்குள் ஆவணம் வராவிட்டால் றெஜினோல்ட் இறையியல் வகுப்புக்கு ஏறமுடியாது, வீட்டுக்கு அனுப்பப்படுவார். எந்த வீட்டுக்கு என்று எழுதியிருக்கவில்லை.

அந்த மே மாதம் யுத்தம் முடிந்தது. அரசாங்கம் ஒரு நாள் விடுமுறை விட்டது, தபால் இல்லை. அடுத்த நாள் இரண்டு நாள் தபாலும் சேர்ந்து வந்ததில் ஒரு தடித்த உறை. குருமுதல்வர் எழுபத்தைந்து வயதாகி ஓய்வுபெறுவதால் மேசையை ஒழித்திருந்தார். உள்ளே, 1977இல் நான் எழுதிய அறிக்கை. நாலு ஒப்பம், மூலையில் அவருடைய முத்திரை, மை மங்கவில்லை. கூடவே ஒரு பதில்.

'உமது 1977ஆம் ஆண்டு அறிக்கையும், பின்னர் வந்த ஏழு கடிதங்களும் தொடர்பாக. ஒன்று: இச்சாட்சி முறையாகப் பயிற்றப்பட்டவர் என்பது இணைப்பிலிருந்து தெரிகிறது. பயிற்சிக்குக் கட்டளையிட்டவன் நான். ஞானஸ்நானம் நிரூபிக்கப்பட்டுள்ளது, பதிக. இரண்டு: அன்றைய சட்டத்தில் ஞான உறவு இருந்தது. இவரைப் போன்றவரைப் பற்றி அறிஞர்கள் உடன்படவில்லை. இன்றைய சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. தடுக்கும் சட்டம் எதையும் நான் காணவில்லை. அவர் போகலாம்.'

இடது ஓரம் இரண்டு விரல். தாமதத்துக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் 'அவர் போகலாம்' என்பதைத் தட்டச்சில் அல்ல, கையால் எழுதியிருந்தார்.

அடுத்த பஸ்ஸில் நிந்தவூருக்குப் போய் வாசித்துக் காட்டினேன். ஆசியா உம்மா கடைசி வரியை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னா.

"ஹனீபா, வேன் ஒண்டு புடி, மனே."

"எங்க, உம்மா?"

"புள்ள எங்க இரிக்கு, சுவாமி?"

"கண்டியில."

"அப்ப கண்டிக்கு."

"உம்மா, பாதையில எத்தின செக்பொயின்ற்! என்ன சொந்தமெண்டு கேட்டா என்ன சொல்ற?"

"சுவாமிட கடிதத்தக் காட்டு," என்றா. மூலத்தைக் கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை. கொடுத்தேன்.

குருமட வாசலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதில் சாட்சி அல்ல. றெஜி இன்று ஒரு பங்கின் தந்தை. கடிதங்களுக்கு அன்றன்றே பதில் போடுகிறார். ஓரம் விடத் தெரியாது.

ஆகவே, இளம் பாதர், பட்டியலில் யாரையும் தெரிவுசெய்ய வேண்டாம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். பதிவேட்டில் நான் எழுதியதை அப்படியே அதில் எழுதுங்கள்: கொடுத்தவர் ஆசியா உம்மா, மருத்துவிச்சி, கல்முனைக்குடி. பிள்ளைக்கு என்ன முறை என 1977இல் கேட்டார். பதில் கிடைத்தது, 2009 மே 21.